அத்தியாயம் 4: துப்பாக்கிக்கு முன் தோட்டா

ஒஹையோவில் குடியுரிமை பெற்று வாழும் நண்பர் ஒருவர் வெள்ளிக்கிழமை மாலை துப்பாக்கிக் கடையிலிருந்து அழைத்தார்.

"அண்ணா, ஒரே கார்பைன்தான். 9 மி.மீ., .40, .45னு மூணு காலிபர்ல வச்சிருக்காங்க. விலையிலயும் பெரிய வித்தியாசம் இல்ல. பெரிசா இருக்கிற .45ஐயே எடுத்துடவா?"

"எதுக்காக வாங்குறீங்க தம்பி?"

பதில் வர நேரம் பிடித்தது. போட்டிக்குப் போகும் ஆசை கொஞ்சம், மகளுக்கும் சொல்லிக்கொடுக்கலாம் என்ற எண்ணம் கொஞ்சம், வீட்டில் ஒன்று இருக்கட்டுமே என்பது கொஞ்சம்.

"இன்னிக்கு எதுவும் வாங்காதீங்க. நாளைக்குச் சுடுதளத்துக்கு வாங்க. மூணையும் சுட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

அந்தச் சனிக்கிழமை காலை நாங்கள் பார்த்ததும் எண்ணியதும்தான் இந்த அத்தியாயத்தின் அடிப்படை. காலிபர் பற்றிய விவாதங்கள் "எது பலமானது?" என்ற கேள்வியிலேயே சுழல்கின்றன. புதியவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: எந்தத் தோட்டாவை என்னால் நிறைய, நிதானமாக, தொடர்ந்து சுட்டுப் பழக முடியும்?

பிஸ்டல் தோட்டா, நீண்ட குழல்

கைத்துப்பாக்கிக்கென உருவான தோட்டாவைச் சுடும், தோளில் ஊன்றிப் பிடிக்கும் நீள்துப்பாக்கிதான் பிஸ்டல் காலிபர் கார்பைன். இந்த யோசனைக்கு வயது நூற்றைம்பதைத் தாண்டிவிட்டது. வின்செஸ்டர் நிறுவனம் 1873இல் தன் லீவர் ரைஃபிளை .44-40 என்ற தோட்டாவுடன் வெளியிட்டது. சில ஆண்டுகளில் கோல்ட் நிறுவனம் அதே தோட்டாவுக்கு ரிவால்வர் செய்தது. இடுப்பில் இருப்பதற்கும் தோளில் இருப்பதற்கும் ஒரே பெட்டித் தோட்டா போதும் என்பது அன்றைய மேற்கு அமெரிக்காவில் பெரிய வசதி. இன்றும் கார்பைன் வாங்குபவர்களில் பலர் இந்த வசதிக்காகவே வாங்குகிறார்கள்.

ஆகவே முதல் விதி: உங்களிடம் ஏற்கெனவே கைத்துப்பாக்கி இருந்தால், அதன் காலிபரிலிருந்து யோசிக்கத் தொடங்குங்கள். தோட்டா ஒன்று, பல சமயம் மேகசினும் ஒன்று. ரூகர் பிசி கார்பைன் போன்ற சில மாடல்களில் மேகசின் நுழையும் பகுதியை மாற்றிக்கொண்டு க்ளாக் மேகசினையே பொருத்தலாம்.

முதலில் வேலை, பிறகு காலிபர்

ஒரு தாளில் உங்கள் தேவையை ஒரே வரியில் எழுதுங்கள். பெரும்பாலும் அது கீழுள்ள நான்கில் ஒன்றாக இருக்கும்.

போட்டி. நடைமுறைத் துப்பாக்கிச் சுடும் போட்டிகளை நடத்தும் யுஎஸ்பிஎஸ்ஏ அமைப்பு 2016இல் இவ்வகைக் கார்பைன்களுக்கெனத் தனிப் பிரிவைக் கொண்டுவந்தது. ஸ்டீல் சேலஞ்ச் போட்டியிலும் தனிப் பிரிவு உண்டு. அதில் எட்டுக் கட்டங்கள். ஏழில் ஐந்து சுற்று, ஒன்றில் மட்டும் நான்கு சுற்று. சுற்றுக்கு ஐந்து இரும்புத் தகடு. ஒன்றுகூடத் தவறாமல் அடித்தாலே ஒரு முழுப் போட்டிக்கு 195 தோட்டா. பயிற்சிக் கணக்கு இதில் சேராது.

பயிற்சியும் குடும்பமும். பிள்ளைகளுக்கும் புதியவர்களுக்கும் கற்றுக்கொடுப்பது. இங்கே குறைந்த உதையும் குறைந்த விலையும் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

வேட்டை. 100 கெஜத்துக்குள் மான். ஒஹையோ, இண்டியானா, அயோவா போன்ற மாநிலங்களில் மான் வேட்டைக்கு நேர்ச்சுவர்த் தோட்டாக்களை, அதாவது கழுத்துப் பகுதி ஒடுங்காமல் ஒரே உருளையாக இருக்கும் தோட்டாக்களை, அனுமதிக்கும் விதிகள் வந்திருக்கின்றன. சமவெளியும் வீடுகளும் நிறைந்த இடங்களில் ரைஃபிள் குண்டு வெகுதூரம் பாய்ந்துவிடும் என்ற கவலையே இதன் பின்னணி. எந்தக் காலிபர் செல்லும், உறை எவ்வளவு நீளம் இருக்கலாம் என்பதை மாநில விதிப்புத்தகத்தில் ஆண்டுதோறும் சரிபாருங்கள்.

வீட்டுப் பாதுகாப்பு. அமெரிக்க வீட்டின் உட்சுவர் பெரும்பாலும் மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. நம் ஊர்ச் செங்கல் சுவர் போல எண்ணிவிடாதீர்கள். இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு தோட்டாவும் அந்தச் சுவரைத் துளைத்துப் போகும். அதனால் "துளைக்காத காலிபர்" எது என்று தேடுவதில் பயனில்லை. இலக்குக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பதை அறிவதும், குழந்தைகள் கைக்கு எட்டாத பூட்டிய பெட்டியில் வைப்பதும்தான் உண்மையான பாதுகாப்பு.

நீண்ட குழல் எவ்வளவு தரும்?

கைத்துப்பாக்கித் தோட்டாவில் இருப்பது வேகமாக எரிந்து தீரும் மருந்து. குழல் 4 அங்குலத்திலிருந்து 16 அங்குலமாக நீளும்போது வேகம் கூடும். ஆனால் எல்லாத் தோட்டாவுக்கும் ஒரே அளவில் கூடாது.

9 மி.மீ.யில் 115 கிரெய்ன் எடையுள்ள குண்டு பிஸ்டலில் வினாடிக்கு ஏறத்தாழ 1,150 அடி வேகத்தில் போகும். கார்பைனில் 1,350 அடியை நெருங்கும். .45 ஏசிபி 230 கிரெய்ன் குண்டு 830-850லிருந்து 930 அளவுக்குத்தான் ஏறும். .357 மேக்னத்தில் நிலைமை முற்றிலும் வேறு. 158 கிரெய்ன் குண்டு ரிவால்வரில் 1,235 அடி. லீவர் ரைஃபிளில் 1,800 அடி வரை போகும். மருந்து நிறைய, அது எரிய நேரமும் வேண்டும்; நீண்ட குழல் அந்த நேரத்தைக் கொடுக்கிறது. ஆற்றல் கணக்கில் பார்த்தால் 9 மி.மீ. கார்பைன் 600 ஜூலைச் சற்றே தாண்டும்; .357 ரைஃபிள் 1,500 ஜூலைத் தொடும்.

வேகம் குறைந்த குண்டு சீக்கிரம் தாழும். இதைச் சனிக்கிழமை காலை கண்ணால் பார்த்தோம். 9 மி.மீ., .45 கார்பைன்கள் இரண்டையும் 50 கெஜத்தில் குறி சரிசெய்துகொண்டு, 100 கெஜத்தில் தொங்கிய தகட்டின் நடுவைக் குறிபார்த்தோம். 9 மி.மீ. குண்டு ஒரு சாண் அளவுகூடத் தாழவில்லை, ஏறத்தாழ 5 அங்குலம்தான். .45 ஏறத்தாழ 9 அங்குலம் தாழ்ந்து தகட்டின் கீழ் விளிம்பைக்கூடத் தொடாமல் மண்மேட்டில் புழுதி கிளப்பியது. "குறி தப்பிடுச்சா அண்ணா?" என்றார் நண்பர். குறி தப்பவில்லை, அந்தக் குண்டின் பாதை அப்படி. அளவு தெரிந்துவிட்டால் உயர்த்திப் பிடித்து அடிக்கலாம். ஆனால் 100 கெஜம்தான் உங்கள் வழக்கமான தூரம் என்றால், .45 உங்களுக்குக் கூடுதல் வேலை வைக்கும்.

ஒரே எண்ணில் உதைக் கணக்கு

குண்டின் எடையைக் கிரெய்னில் எடுத்து, வேகத்தால் பெருக்கி, 1,000ஆல் வகுத்தால் வரும் எண்ணைப் போட்டிக்காரர்கள் பவர் ஃபேக்டர் என்பார்கள். போட்டிக்குத் தகுதி பெறவே இந்தக் கணக்கு வந்தது. ஆனால் காலிபர் தேர்வுக்கும் இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. கார்பைன் குழலில் உத்தேச அளவுகள் இவை:

.22 எல்ஆர்: 40 × 1,200 = 48
9 மி.மீ.: 115 × 1,350 = 155
.40 எஸ்&டபிள்யூ: 180 × 1,100 = 198
.45 ஏசிபி: 230 × 930 = 214
.357 மேக்னம்: 158 × 1,800 = 284

இந்த எண் ஏன் முக்கியம்? விலை குறைந்த கார்பைன்களில் பெரும்பாலானவை புளோபேக் முறையில் இயங்குபவை. குழலின் வாயை அடைத்திருக்கும் போல்ட்டை எந்தப் பூட்டும் பிடித்திருக்காது. அதன் எடையும் பின்னாலுள்ள ஸ்பிரிங்கும்தான் வெடிப்பைத் தாங்குகின்றன. குண்டு எவ்வளவு உந்தத்துடன் முன்னே போகிறதோ, ஏறத்தாழ அவ்வளவு உந்தத்துடன் போல்ட் பின்னே வரும். எண் கூடக்கூட போல்ட்டின் எடையும் கூட வேண்டும். கனமான போல்ட் பின்னே வந்து மோதுவது தோளில் ஒரு குத்து. திரும்ப முன்னே போய் மூடும்போது குறிப்புள்ளி ஒரு முறை தலையசைக்கும். .40இலும் .45இலும் புளோபேக் கார்பைன் சுட்டவர்கள், "பிஸ்டல் தோட்டாதானே, ஏன் இப்படி இடிக்கிறது?" என்று வியப்பது இதனால்தான்.

இதற்கு மாற்று வழிகளும் உண்டு. எச்கே எம்பி5 வகையில் உருளைகள் போல்ட்டைத் தாமதப்படுத்தும். சிக் எம்பிஎக்ஸ் வாயு விசையில் இயங்கிப் பூட்டும் போல்ட் கொண்டது. சிஎம்எம்ஜி நிறுவனம் போல்ட்டைச் சுழலவைத்துத் தாமதப்படுத்துகிறது. இவற்றில் போல்ட் இலேசானது, உதையும் மென்மை, விலை அதிகம். .45 அல்லது 10 மி.மீ.தான் வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் இத்தகைய இயக்கமுறைக்குச் செலவிடுவது நியாயம். 9 மி.மீ.க்கு எளிய புளோபேக்கே போதும்.

ஒவ்வொன்றாக

9 மி.மீ. (9×19). ஜார்ஜ் லூகர் உருவாக்கி 1902இல் வெளிவந்த தோட்டா. உலகில் மிகப் பரவலான கைத்துப்பாக்கித் தோட்டா இதுதான். அதனால் விலை குறைவு, வகை அதிகம், எந்தக் கடையிலும் கிடைக்கும். உறை இலேசாகக் கூம்பி இருப்பதால் மேகசினிலிருந்து வழுக்கிக்கொண்டு குழலுக்குள் ஏறும். யுஎஸ்பிஎஸ்ஏ கார்பைன் பிரிவில் எல்லோருக்கும் மைனர் மதிப்பெண் முறைதான். தேவையான பவர் ஃபேக்டர் 125. கடையில் வாங்கும் சாதாரணத் தோட்டாவே அதைத் தாண்டிவிடும். பெரிய காலிபருக்கு அங்கே கூடுதல் மதிப்பெண் கிடையாது.

.45 ஏசிபி. ஜான் பிரௌனிங்கின் வடிவமைப்பு. 1911இல் அமெரிக்க ராணுவம் அவருடைய பிஸ்டலோடு ஏற்றுக்கொண்டது. ஒலியின் வேகத்துக்குக் கீழே இயல்பாகவே போகும் என்பது இதன் தனிக் குணம். ஏற்கெனவே .45 பிஸ்டல் வைத்திருந்து, தோட்டாவைச் சேமித்தும் வைத்திருப்பவருக்கு நல்ல துணை. மற்றவருக்கு விலையும் எடையும் சுமை. ஒரு 9 மி.மீ. தோட்டா 12 கிராம் அளவு; .45 ஏறத்தாழ 21 கிராம். நூறு தோட்டா தூக்கும் பையில் கிட்டத்தட்ட ஒரு கிலோ வித்தியாசம்.

.40 எஸ்&டபிள்யூ, 10 மி.மீ. 1986இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு எஃப்பிஐ அதிகாரிகள் உயிரிழந்தனர். அதன் பிறகு அந்த அமைப்பு வலுவான தோட்டா தேடியபோது 1983இல் வந்திருந்த 10 மி.மீ. ஆட்டோவை எடுத்தது. அதன் உறையைக் குறுக்கி உருவானதுதான் 1990இல் வந்த .40. பிறகு எஃப்பிஐயே 9 மி.மீ.க்குத் திரும்பியது, காவல்துறைகள் பலவும் அதைப் பின்தொடர்ந்தன. கார்பைனில் .40 உதைப்பது அதிகம், கொடுப்பது குறைவு. காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறவர் 10 மி.மீ.யை எடுப்பதில் பொருள் உண்டு.

.357 மேக்னம், .44 மேக்னம். 1935இல் வந்தது முன்னது, 1955இல் வந்தது பின்னது. இவை லீவர் ரைஃபிள்களுக்கு உரியவை. நீண்ட குழலின் பயனை முழுவதும் வாங்கிக்கொள்பவை இவைதாம். மான் வேட்டைக்கு ஏற்றவையும் இவையே. .357இன் பெரிய வரம், அதே துப்பாக்கியில் .38 ஸ்பெஷலையும் சுடலாம் என்பது. பயிற்சிக்கு மென்மையான .38, காட்டுக்கு .357. மூன்று எச்சரிக்கைகள் உண்டு. குழாய் மேகசினில் ஒரு குண்டின் நுனி முன்னால் உள்ளதன் பின்புறத்தைத் தொட்டபடி நிற்கும். கூரான கடின நுனிக் குண்டுகளை அதில் ஒருபோதும் போடாதீர்கள், தட்டை நுனியே வேண்டும். .38 சுட்டபின், குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையில் படியும் கரி வளையத்தைத் துடைத்துவிட்டு .357 போடுங்கள். மிக மென்மையாக மருந்திட்ட .38 குண்டு நீண்ட குழலில் பாதியில் நின்றுவிடக்கூடும். சத்தம் வழக்கத்தைவிடச் சோர்ந்து கேட்டால் அடுத்ததைச் சுடாதீர்கள், குழலைச் சோதியுங்கள்.

.22 எல்ஆர். 1887 முதல் இருக்கும் தோட்டா. ஊரில் என்.சி.சி. முகாமில் குப்புறப் படுத்து முதல் முறை விசை இழுத்தவர்களுக்கு இது பழைய சிநேகிதம். எனக்கும் அப்படித்தான். 9 மி.மீ.யைவிடப் பல மடங்கு மலிவு, உதையே இல்லை என்று சொல்லலாம். பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க இதற்கு ஈடில்லை. விளிம்பில் மருந்து வைத்த தோட்டா என்பதால் அவ்வப்போது வெடிக்காமல் போகும். அப்படி நேர்ந்தால் குழலை இலக்கு நோக்கியே வைத்து அரை நிமிடம் பொறுத்திருங்கள்.

காலிபருக்குள் இன்னொரு தேர்வு

9 மி.மீ. என்று முடிவு செய்ததும் வேலை முடியவில்லை. 115, 124, 147 கிரெய்ன் என்று குண்டின் எடை மூன்று வகை. 20 டிகிரி செல்சியஸில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,125 அடி போகும். 115 அதைத் தாண்டுவதால் சாட்டை சொடுக்கும் ஒலி கேட்கும். 147 கார்பைனிலும் பெரும்பாலும் அதற்குக் கீழேயே நிற்கும். சுடும் ஓசை தணிந்தும், உதை தள்ளுவது போல மெதுவாகவும் இருக்கும். பயிற்சிக்கு 115 அல்லது 124 வாங்குங்கள். உங்கள் கார்பைனுக்கு எது பிடிக்கிறது என்பதை ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி சுட்டே அறிய முடியும்.

குழிநுனிக் குண்டுகள் பிஸ்டல் வேகத்துக்கென வடிவமைக்கப்பட்டவை. கார்பைனின் கூடுதல் வேகத்தில் சில வகைகள் அளவுக்கு மீறி விரியும், சிதறவும் செய்யும். பிஸ்டலில் நன்றாக வேலை செய்தது கார்பைனிலும் அப்படியே செய்யும் என்று எண்ணிவிடாதீர்கள்.

சட்டம்: வாங்கும் முன் படிக்க வேண்டிய பகுதி

எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. நண்பர் சொன்னார் என்று நம்பிச் செயல்படாமல் வழக்கறிஞரிடம் கேளுங்கள். தவறினால் சிறை, நாடுகடத்தல் வரை போகும். கிரீன் கார்டு உள்ளவர்களும் குடிமக்களும் வாங்கலாம். உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் படிவம் 4473ஐ நிரப்பிப் பின்னணிச் சோதனையைக் கடக்க வேண்டும்.

ரைஃபிளின் குழல் 16 அங்குலத்துக்கும், மொத்த நீளம் 26 அங்குலத்துக்கும் குறையக்கூடாது. குறைந்தால் 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு செய்யாமல் வைத்திருப்பது குற்றம். அதற்குமேல் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி விதிகள் உண்டு. மேகசினில் எத்தனை தோட்டா இருக்கலாம் என்பது முக்கியமான ஒன்று, கலிபோர்னியாவில் பத்து.

கையில் எடுத்துச் சோதிக்கும் முறை

1. பெரும்பாலான சுடுதளங்களில் வாடகைக்குக் கிடைக்கும். இரண்டு, மூன்று காலிபர்களில் கார்பைன் எடுங்கள்.

2. மேசையில் ஒரு நேரத்தில் ஒரே காலிபர் தோட்டாதான் இருக்க வேண்டும். .40 துப்பாக்கியின் அறைக்குள் 9 மி.மீ. தோட்டா நுழைந்துவிடும்; அது ஆபத்து. நாங்கள் மூன்று பெட்டிகளையும் மூன்று பைகளில் வைத்து, ஒன்றை மூடிய பிறகே அடுத்ததைத் திறந்தோம்.

3. ஒவ்வொன்றிலும் பத்துத் தோட்டா, 25 கெஜத்தில், அவசரமில்லாமல். தாளில் விழுந்த துளைகளின் பரப்பை அளந்து எழுதுங்கள்.

4. அடுத்து ஐந்தைந்தாக, சற்று வேகமாக. குறிப்புள்ளி எவ்வளவு நேரத்தில் திரும்பி வருகிறது என்று கவனியுங்கள்.

5. பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டு, மனம் போனபடி சுடுங்கள். முடிவில் எந்தப் பெட்டி அதிகம் காலியானது என்று பாருங்கள்.

6. காதுறையும் கண்ணாடியும் கட்டாயம். உள்ளரங்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு காதுறை நல்லது. முடிந்ததும் ஈயத்தூள் போகச் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே எதையும் சாப்பிடுங்கள்.

ஐந்தாவது சோதனையைப் பலர் விட்டுவிடுவார்கள். அதுதான் தீர்ப்புச் சொல்லும். அன்று நண்பர் .45இல் முதல் இருபது தோட்டாவைச் சிரித்துக்கொண்டே சுட்டார். அடுத்த பத்தில், விசை இழுக்கும் முன்பே அவர் தோள் பின்வாங்குவதைப் பார்த்தேன். துளைகள் தாளில் இடப்பக்கமாகக் கீழே இறங்கின. பிறகு 9 மி.மீ.யை எடுத்தவர் மதியச் சாப்பாட்டையும் மறந்துவிட்டார். கிளம்பும்போது தரையில் கிடந்த காலித் தோட்டாக்களைக் கூட்டி வாளியில் போட்டோம். அவர் குனிந்து கிளறிப் பார்த்தார். சின்ன உறைகளே குவிந்து கிடந்தன. பெரியவை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தன.

"எனக்கு எதுன்னு இந்த வாளியே சொல்லுதுண்ணா" என்றார்.

திங்கட்கிழமை 9 மி.மீ. கார்பைன் வாங்கினார், கூடவே ஆயிரம் தோட்டா. மகளின் முதல் பாடத்துக்கு .22 ஒன்று பின்னால் வரும். துப்பாக்கிக்கு ஒதுக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது முதல் நாளே தோட்டாவுக்கு எடுத்து வைத்துவிட்டு, மீதியில் துப்பாக்கியைத் தேடுங்கள். அந்தப் பங்கில் எந்தக் காலிபர் உங்களுக்கு அதிக நாள் பயிற்சி தருகிறதோ, அதுவே உங்கள் முதல் காலிபர்.